கிரிப்டோ நாணயத்தின் பெறுமதியும் அதன் திறப்பும்

அண்மைக்காலமாக எமது நகரங்களின் விடுதி மண்டபங்களிலும் கையடக்கத் தொலைபேசிக் குழுக்களிலும் கிரிப்டோ நாணயம் என்ற சொல் அடிபடாத நாளில்லை எனலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணம், அடகிலிருக்கும் நகையை மீட்பதற்கெனச் சேர்த்த பணம், ஓய்வுபெறும்போது கைக்குக் கிடைத்த பணம் ஆகியவை இதற்குள் போடப்படுகின்றன. போடுபவர்களிற் பலர் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே போடுகின்றனர். கண்ணாற் காணமுடியாத இந்நாணயத்துக்குப் பெறுமதி எங்கிருந்து வருகின்றது என்பது ஒன்று. வாங்கிய பின்னர் அதனை எங்கே, எப்படி வைத்திருப்பது என்பது மற்றொன்று. முதலாவது கேள்வியை ஓரளவேனும் விளங்கிக்கொள்ளாதவருக்கு இரண்டாவது கேள்வி விளங்காது என்பதனால், இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவது பொருத்தமாகும் என நாம் கருதுகின்றோம்.

எமது கையிலுள்ள ஆயிரம் ரூபா நோட்டும் வெறும் கடதாசிதான். அதனை ஏற்றுக்கொள்ள வேண்டுமெனச் சட்டம் கூறுகின்றது; வரியை அதிலேயே செலுத்துமாறு அரசாங்கம் கேட்கின்றது; எவ்வளவு அச்சிடுவதென்பதை மத்திய வங்கி தீர்மானிக்கின்றது. இந்த மூன்றின் மீதும் மக்கள் வைத்துள்ள நம்பிக்கையே அதன் பெறுமதி. அந்நம்பிக்கை ஆட்டங்காணும்போது என்ன நிகழும் என்பதை இலங்கை மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. வங்கியில் நிலையான வைப்பிலிட்டிருந்தவர்கள் ஒரு ரூபாவையும் இழக்கவில்லை. ஆயினும் வைப்பின் கொள்வனவுச் சக்தியிற் பெரும்பங்கை இழந்தனர். இத்தகைய அனுபவத்தைப் பெற்றவர்கள் அரசாங்கம் அச்சிட முடியாத ஒரு பணத்தைப் பற்றிக் கேள்விப்படும்போது காதுகொடுப்பதில் வியப்பில்லை.

பிட்கொயின் பிறந்ததும் அவ்வாறானதொரு நெருக்கடிக் காலத்திலேயே. 2008 ஒக்டோபர் 31 ஆம் திகதி சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை இணையத்தில் வெளியாகியது. அதனை எழுதியவர் தனியொருவரா, குழுவினரா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 2009 ஜனவரி 3 ஆம் திகதி முதலாவது பதிவுத் தொகுதி உருவாக்கப்பட்டது. வங்கிகளுக்கு அரசாங்கம் இரண்டாவது தடவையாகக் கைகொடுக்கவிருப்பது பற்றி அன்றைய இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்த தலைப்பு அத்தொகுதிக்குள் பொறிக்கப்பட்டிருந்தது. உருவாக்கியவரின் மனநிலையை விளங்கிக்கொள்ள அதுவே போதுமானது.

இதன் இயக்கத்தை எமது ஊர்ச் சீட்டோடு ஒப்பிட்டு விளக்கலாம். சீட்டில் யார் எவ்வளவு கட்டினார், யார் எடுத்தார் என்ற கணக்கு சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியில் இருக்கும். அவர் நேர்மையானவராயின் சீட்டு ஒழுங்காக நடக்கும். அவர் ஊரைவிட்டு ஓடினால் கொப்பியும் பணமும் அவரோடு போகும். அந்தக் கொப்பியின் பிரதி ஒவ்வோர் உறுப்பினரிடமும் இருந்து, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் எல்லாப் பிரதிகளிலும் ஒரே நேரத்தில் பதியப்படுமாயின் எவராலும் தனித்துக் கணக்கை மாற்ற முடியாது. பிட்கொயின் என்பது உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான கணினிகளில் உள்ள அத்தகைய ஒரு பொதுக் கொப்பியே. சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு தடவை புதிய கொடுக்கல் வாங்கல்கள் ஒரு தொகுதியாகத் திரட்டப்பட்டு முந்திய தொகுதியோடு கணித முறையிற் பிணைக்கப்படுகின்றன. பழைய தொகுதியொன்றில் ஓர் எண்ணை மாற்ற முனைபவர் அதற்குப் பின்வந்த தொகுதிகள் அனைத்தையும் மீண்டும் உருவாக்க வேண்டும்; அதற்குரிய கணினி ஆற்றலும் மின்சாரமும் தனியொருவரின் சக்திக்கு அப்பாற்பட்டவை.

இத்தொகுதிகளை உருவாக்குவோருக்கு வெகுமதியாகவே புதிய நாணயம் வெளிவருகின்றது. ஆரம்பத்தில் ஒரு தொகுதிக்கு 50 பிட்கொயின் வழங்கப்பட்டது. ஒவ்வொரு 210,000 தொகுதிகளுக்கும் ஒரு தடவை, அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, இது பாதியாகக் குறையும். 2024 ஏப்ரலில் அது 3.125 ஆகக் குறைந்தது. மொத்தம் 21 மில்லியனுக்கு மேல் ஒருபோதும் வெளிவராது என்பது விதி. அதில் 19 மில்லியனுக்கும் மேற்பட்டவை ஏற்கனவே வெளிவந்துவிட்டன.

எனினும் அருமை மாத்திரம் பெறுமதியைத் தந்துவிடாது. பனையோலையில் எமது பெயரை எழுதி, இது உலகில் ஒன்றே ஒன்றுதான் என்று கூறினால் எவரும் அதற்குப் பணம் தரப்போவதில்லை. உற்பத்திக்குச் செலவாகும் மின்சாரமே பிட்கொயினின் பெறுமதி என்று கூறுவோரும் உளர். இது குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டும் வாதமாகும். விலை ஏறும்போது மேலும் பலர் இயந்திரங்களுடன் வருகின்றனர். 2016 தொகுதிகளுக்கு ஒரு தடவை கணக்கின் கடினம் தானாகவே உயர்கின்றது. அதனாற் செலவும் உயர்கின்றது. விலை விழும்போது இது மறுபக்கமாக நிகழ்கின்றது. செலவுதான் விலையைப் பின்தொடர்கின்றதே அன்றி விலை செலவைப் பின்தொடர்வதில்லை. மனிதர் அதனை ஏற்றுக்கொள்ளுகின்றனர், நாளையும் ஏற்றுக்கொள்வர் என எதிர்பார்க்கின்றனர் என்பதே இறுதியில் அதன் பெறுமதி. 2010 மே 22 ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் இரண்டு பீட்சாக்களுக்காக 10,000 பிட்கொயின்களைக் கொடுத்தார். அன்று அவற்றுக்கு இருந்த மதிப்பு அவ்வளவே.

அரசாங்கமோ விளைச்சலோ வாடகையோ பின்னணியில் இல்லாத ஒன்றின் விலை ஊஞ்சலாடுவது இயல்பு. 2021 நவம்பரில் 69,000 டொலரை அண்மித்த ஒரு பிட்கொயின், ஓராண்டின் பின்னர் 16,000 டொலருக்கும் கீழே விழுந்தது. 2024 டிசெம்பரில் 100,000 டொலரைத் தாண்டியது. ரூபாவின் வீழ்ச்சியிலிருந்து தப்புவதற்கென 2021 இறுதியில் இதனை வாங்கி, 2022 இறுதியில் வீட்டுச் செலவுக்காக விற்றவர், வங்கியில் இருந்திருந்தாலும் இதைவிட மேலாக இருந்திருக்கும் என்றே எண்ணியிருப்பார். எல்சல்வடோர் 2021 செப்டெம்பரில் இதனைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. மக்கள் அன்றாட வாழ்வில் அதனைப் பயன்படுத்தாத நிலையில், 2025 ஜனவரியில் வர்த்தகர்கள் அதனைக் கட்டாயம் ஏற்க வேண்டுமென்ற விதி நீக்கப்பட்டது. நீண்டகாலம் தொடவேண்டிய தேவையில்லாத பணத்துக்கும், பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவுக்கான பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடயத்தில் மறந்துவிடலாகாது.

மேற்கூறியவை யாவும் பிட்கொயினுக்கே உரியவை. கிரிப்டோ என்ற பெயரில் உலாவும் ஆயிரக்கணக்கான ஏனைய நாணயங்களுக்கு இவை தாமாகவே பொருந்தா. பலவற்றின் எண்ணிக்கையை அவற்றை உருவாக்கியவர்களே விரும்பியவாறு கூட்டலாம். ஒரு டொலருக்குச் சமமாக எப்போதும் நிற்கும் என உறுதியளிக்கப்பட்ட ரெறாயூஎஸ்டி என்ற நாணயம், ரொக்கப் பணத்தையன்றி லூனா என்ற தன் சகோதர நாணயத்தையே தாங்கு தூணாகக் கொண்டிருந்தது. 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் இரண்டும் சரிந்தன. ஏறத்தாழ 40 பில்லியன் டொலர் பெறுமதி கரைந்து போனது. அதன் நிறுவுநர் டோ குவோன் 2025 ஓகஸ்டில் நியூயோர்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இவற்றிலும் கீழானது, நாணயமே இல்லாத நாணயம். 2014 இல் பல்கேரியாவிலிருந்து புறப்பட்ட வன்கொயின் இதற்குச் சிறந்த உதாரணம். பொதுக் கொப்பியே அதற்கு இருக்கவில்லை; உறுப்பினர்கள் கணினித் திரையிற் கண்ட விலை நிறுவனமே எழுதிவைத்த எண். புதிதாக ஆட்களைச் சேர்ப்பவருக்குத் தரகுப்பணம் கிடைத்தது. உலகெங்கும் 4 பில்லியன் டொலருக்கு மேல் திரட்டப்பட்டதாக அமெரிக்க அதிகாரிகள் கூறுகின்றனர். நிறுவுநர் ருஜா இக்னாற்றோவா 2017 ஒக்டோபரில் மறைந்தவர் மறைந்தவரே. எமது நாட்டிலும் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் பிரமிட் திட்டங்கள் தடைசெய்யப்பட்டுள்ளன. மெய்நிகர் நாணயங்கள் பற்றி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை மத்திய வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. அவை இந்நாட்டின் சட்டபூர்வ நாணயம் அல்லவென்றும், அவற்றுக்கான கொடுப்பனவுகளுக்குக் கடனட்டைகளையோ பற்று அட்டைகளையோ பயன்படுத்த அந்நியச் செலாவணி விதிகள் இடமளிக்கவில்லை என்றும் 2022 ஜூலை அறிவித்தலில் அது கூறியது. எனவே ஒரு கணக்கில் மோசடி நிகழுமாயின், முறையிடச் செல்பவர் தாம் பணம் செலுத்திய வழியையும் விளக்க வேண்டியவராகின்றார். மோசடிக்காரர் இதனை நன்கறிவர். ஆட்சேர்ப்புக்குத் தரகு, மாதாந்தம் நிலையான இலாபம், உள்ளூர் முகவரிடம் ரொக்கப் பணம் என்ற மூன்றில் ஒன்றேனும் காணப்படுமாயின் அது கிரிப்டோவா, இல்லையா என்று ஆராய வேண்டிய தேவையே இல்லை.

முஸ்லிம் வாசகர்கள் முன்னுள்ள கேள்வி மேலும் ஒன்றுண்டு. இதில் மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தாருல் இப்தா 2018 ஜனவரியில் பிட்கொயின் வர்த்தகத்தைத் தடுக்கப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என அறிவித்தது. மறுபுறத்தில் மலேசிய பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபை, பதிவுபெற்ற நிலையங்களில் இதனை வாங்கி விற்பது ஆகுமானதென 2020 இல் முடிவு செய்தது. நிச்சயமின்மையும் சூதும் கலந்ததா என்பதிலேயே பெரும்பாலும் விவாதம் நிற்கின்றது. ஆனால் நாணயத்தை ஒப்படைத்தால் மாதந்தோறும் வட்டி தருகின்றோம் என்று கூறும் நிறுவனங்கள் விடயத்தில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அவ்வாறு கூறிய அமெரிக்க நிறுவனமான செல்சியஸ் 2022 ஜூனில் வாடிக்கையாளரின் மீளப்பெறுதலை நிறுத்தி, அடுத்த மாதமே வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது.

இனி, வைத்திருத்தல். நாணயம் தொலைபேசிக்குள்ளோ பணப்பை எனப்படும் மென்பொருளுக்குள்ளோ இருப்பதாகவே பெரும்பாலோர் நினைக்கின்றனர். அது அங்கே இல்லை. அது பொதுக் கொப்பியில் ஒரு முகவரியின் கீழ் எழுதப்பட்ட எண் மாத்திரமே. அந்த எண்ணை இன்னொரு முகவரிக்கு மாற்றும் அதிகாரத்தைத் தருவது ஓர் இரகசிய எண். அதனையே நாம் திறப்பு என்கின்றோம். பணப்பை என்பது உண்மையில் திறப்புக்கோர்வையே. திறப்பை வைத்திருப்பவர் யாராயினும் கொப்பி அவரையே உரிமையாளராக நடத்தும். அடையாள அட்டையைக் காட்டியோ, கிராம அலுவலரின் கடிதத்தைக் கொண்டுசென்றோ, நீதிமன்றக் கட்டளை பெற்றோ அந்த விதியை மாற்ற முடியாது. எவரும் கணக்கை மாற்ற முடியாதென்பதே இதன் பெறுமதிக்கு அடித்தளம் என மேலே கண்டோம். தொலைத்தவருக்காகவும் எவரும் கணக்கை மாற்ற முடியாதென்பது அதே விதியின் மறுபக்கம்.

பரிமாற்று நிறுவனமொன்றில் வாங்கி அங்கேயே விட்டுவைப்பவரிடம் திறப்பு இல்லை. நிறுவனம் தமக்குக் கடன்பட்டிருக்கின்றது என்ற எழுத்து மாத்திரமே உண்டு. டோக்கியோவிலிருந்த மவுன்ட்கொக்ஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய பிட்கொயின் பரிமாற்று நிலையம். ஏறத்தாழ 850,000 பிட்கொயின்கள் காணாமற் போனதாகக் கூறி 2014 பெப்ரவரியில் அது வீழ்ந்தது. பின்னர் 200,000 அளவில் மாத்திரமே கண்டெடுக்கப்பட்டன. கனடாவின் குவாட்றிகா நிறுவனத்தின் தலைவர் 2018 டிசெம்பரில் இந்தியாவில் காலமானார். கடவுச்சொற்கள் அவருக்கு மாத்திரமே தெரியும் எனக் கூறப்பட்டது. வாடிக்கையாளரின் பணத்தை அவர் முன்னரே சூறையாடியிருந்தார் என்று ஒன்ராறியோ பிணையங்கள் ஆணைக்குழு 2020 இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. 2022 நவம்பரில் வீழ்ந்த எவ்ரிஎக்ஸ் நிறுவனத்தின் தலைவருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நேர்மையான நிறுவனமும் திருட்டுக்கு விதிவிலக்கன்று. 2025 பெப்ரவரியில் டுபாயைத் தளமாகக் கொண்ட பைபிற் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான ஈதர் களவாடப்பட்டது. வடகொரியாவே பொறுப்பென அமெரிக்கப் புலனாய்வுத் துறை கூறியது. வாங்குவதற்கும் விற்பதற்கும் நிறுவனம் தேவைப்படலாம். தங்குமடமாக அதனைப் பயன்படுத்துவது வேறு விடயம்.

திறப்பைத் தாமே வைத்திருக்க விரும்புபவர் முதலில் எதிர்கொள்வது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை. 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எழுந்தமானமாகத் தெரிவுசெய்யப்படும் இச்சொற்கள், உரிய ஒழுங்கில், திறப்பை மீண்டும் உருவாக்கப் போதுமானவை. தொலைபேசி தண்ணீரில் விழுந்தாலும் வேறொரு கருவியில் இச்சொற்களை இட்டு அனைத்தையும் மீட்கலாம். அதே காரணத்தினால், அச்சொற்களைப் பார்த்தவர் எவரும் அனைத்தையும் எடுக்கலாம். ஆகவே அவற்றைத் தொலைபேசியிற் படம் பிடிக்கலாகாது. படம் தானாகவே இணையச் சேமிப்புக்குச் சென்றுவிடும். மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் தமக்குத் தாமே அனுப்பிவைப்பதும் அவ்வாறே. தாளில் பேனாவால் எழுதுவதே முறை. தொகை பெரிதாயின் துருப்பிடிக்காத உலோகத் தகட்டிற் பொறிக்கலாம். புத்திசாலித்தனமாகத் தோன்றும் ஒரு வழக்கத்தையும் தவிர்க்க வேண்டும். 12 சொற்களை இரண்டாகப் பிரித்து இரு இடங்களில் வைத்தால், ஒரு பாதி அழிந்ததும் முழுவதும் அழியும். ஒரு பாதி பிறர் கையிற் சிக்கினாலோ எஞ்சியதைக் கணினியால் தேடுவது பெரிதும் இலகுவாகும். முழுமையான இரு பிரதிகளை இரு வேறு வீடுகளில், பூட்டிய இடத்தில் வைப்பதே மேல். 1990 இலும் 1995 இலும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் 2004 கடற்கோளில் வீட்டை இழந்தவர்களுக்கும் காணி உறுதி ஒரே அலுமாரியில் இருந்ததன் விலை தெரியும்.

சிறு தொகைக்குத் தொலைபேசிப் பணப்பை போதும்; சட்டைப்பையில் வைக்கும் காசைப் போல அதனைக் கருத வேண்டும். தொகை சில மாதச் சம்பளத்தைத் தாண்டுமாயின், திறப்பை இணையத்துடன் தொடர்பின்றித் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சிறு கருவியொன்றை வாங்குவது நன்று. செக் நாட்டின் ட்ரெசர், பிரான்சின் லெஜர் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. கருவியை உற்பத்தியாளரிடமிருந்தே வாங்க வேண்டும். பாவித்ததையோ, சொற்கள் முன்கூட்டியே எழுதப்பட்ட தாளுடன் வருவதையோ தொடவே கூடாது. அச்சொற்களை எழுதியவரிடம் திறப்பு ஏற்கனவே உண்டு. 2020 இல் லெஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 272,000 பேரின் பெயர், முகவரி விபரங்கள் வெளியே கசிந்தன. கருவிகள் உடைக்கப்படவில்லை. ஆனால் அம்முகவரிகளுக்குப் போலிக் கடிதங்களும் போலிக் கருவிகளும் கூடத் தபாலில் வந்துசேர்ந்தன. உண்மையான நிறுவனம் எதுவும் இச்சொற்களை ஒருபோதும் கேட்காது. கேட்பவர் நிறுவன ஊழியராகவோ உதவிக்கு வந்த நண்பராகவோ, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறுபவராகவோ தோன்றலாம். கடைசி வகையினர் ஏற்கனவே ஏமாற்றப்பட்டவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டே வருகின்றனர்.

பணத்தை இடுவதற்கு முன்னர் ஒரு சோதனை அவசியம். மிகச்சிறு தொகையொன்றை அனுப்பி, பின்னர் கருவியை முற்றாக அழித்து, எழுதிவைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அன்றே தெரியவரும். அனுப்பும் முகவரியையும் கருவியின் திரையில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிரதி செய்து ஒட்டும் கணப்பொழுதில் முகவரியை மாற்றிவிடும் தீய மென்பொருள்கள் உண்டு. பரிமாற்று நிறுவனக் கணக்குக்குக் குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை மாத்திரம் நம்புவதும் போதாது. தொலைபேசி இலக்கத்தையே வேறொரு சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் திருடர்கள் உள்ளனர்; குறியீட்டைத் தொலைபேசிக்குள்ளேயே உருவாக்கும் செயலி இதனிலும் பாதுகாப்பானது.

திருட்டைப் போலவே மறதியும் பணத்தைத் தின்றுள்ளது. சான் பிரான்சிஸ்கோவில் வாழும் கணினி நிரலாளர் ஒருவர் 7,002 பிட்கொயின்களுக்கான திறப்பைக் கொண்ட சேமிப்புக் கருவியின் கடவுச்சொல்லை மறந்துவிட்டமை 2021 இல் வெளிவந்தது. பத்துத் தடவை பிழையாக இட்டால் கருவி தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அவர் எட்டுத் தடவையை முடித்திருந்தார். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் இன்னொருவரின் வன்தட்டு 2013 இல் குப்பையோடு சென்றது. அதில் ஏறத்தாழ 8,000 பிட்கொயின்களுக்கான திறப்பு இருந்ததாக அவர் கூறுகின்றார். குப்பைமேட்டைத் தோண்டுவதற்கான அவரது வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

எமது குடும்பங்களில் அதிகம் கவனிக்கப்படாத விடயம் உரித்து. தேசவழமைச் சட்டமாயினும், ஷரீஆ வாரிசுரிமையாயினும் இறந்தவரின் சொத்து யாருக்கு எவ்வளவு என்பதைத் தெளிவாகக் கூறும். வங்கிக் கணக்காயின் மரணச் சான்றிதழுடன் சென்று கேட்கலாம். இங்கோ, பங்கு பிரிப்பதற்கு முன்னர் திறப்பு கிடைக்க வேண்டும். அதனை மரணசாசனத்தில் எழுதுவது தகாது. சாசனம் நீதிமன்றில் ஒப்புவிக்கப்படும்போது அது பலர் கண்ணிற்படும் ஆவணமாகிவிடும். நாணயம் உண்டு என்பதையும், எந்தக் கருவி, எந்தப் பணப்பை என்பதையும், சொற்கள் எங்கே பூட்டப்பட்டுள்ளன என்பதையும் விபரித்து, சொற்களை மாத்திரம் எழுதாத ஒரு கடிதத்தை முத்திரையிட்டு வைக்கலாம். தொகை பெரிதாயின், மூன்று திறப்புகளில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் மாத்திரமே திறக்கும் ஏற்பாடும் உண்டு. ஒன்று தம்மிடமும், ஒன்று துணைவரிடமும், ஒன்று வேறு ஊரிலுள்ள நம்பிக்கைக்குரிய உறவினரிடமும் இருக்குமாயின், ஒருவர் இறந்தாலும் ஒரு வீடு எரிந்தாலும் எஞ்சிய இருவர் அதனைத் திறந்து உரியவர்களுக்குப் பங்கிடலாம்.